கோபெக்லி தெபே: வயலுக்கு முன்பே எழுந்த தூண்கள்

துருக்கி என்றால் இஸ்தான்புல்லும் கப்படோக்கியாவும்தான் நம்மவர்களின் பட்டியலில் இருக்கும். நான் போனது நாட்டின் தென்கிழக்கில், சிரியா எல்லையை ஒட்டிய ஷான்லிஉர்ஃபாவுக்கு. ஊர்க்காரர்கள் சுருக்கமாக உர்ஃபா என்கிறார்கள். வேட்டையாடியும் காய் கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த மனிதர்கள் எப்படி உழவர்கள் ஆனார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்கு இந்த வட்டாரத்தை விட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அருங்காட்சியகம். அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் 'உர்ஃபா மனிதன்' நிற்கிறான். ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய ஆளுயரச் சிலை. ஆளுயர மனிதச் சிலைகளில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். வாய் கிடையாது. கண்குழிகளில் கறுப்பு எரிமலைக் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள், அது வெளிச்சத்தில் மினுங்குகிறது. எதிரே நின்றபோது கற்கால மனிதர்களைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம், தோலாடையும் கையில் தடியுமாக நிற்கும் அந்தக் காட்டு மனிதன், சுத்தமாக மறைந்துபோனது.

அதே அருங்காட்சியகத்தில் நெவாலி சோரி என்ற கிராமத்தின் கட்டடம் ஒன்றையும் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த இடம் 1992-இல் அத்தாதுர்க் அணையின் நீரில் மூழ்கிவிட்டது. மனிதர்கள் கோதுமை பயிரிட்ட மிகப் பழைய ஊர்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த அணைத் தண்ணீரில்தான் தெற்கே ஹர்ரான் சமவெளி முழுக்கப் பருத்தி விளைகிறது. எனக்கு இது ஆறவே இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், சரி. ஊரையும் மண்ணையும் என்ன செய்ய முடியும்?

கற்காலக் கட்டுமானங்கள் புதைந்திருந்த மேடுதான் கோபெக்லி தெபே. உர்ஃபாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அவர்களுடைய சிற்றுந்தில் மேலே போகவேண்டும். தோண்டிய பகுதிக்கு மேல் பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மரப்பாலம். அதில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே வட்ட வட்டமாகக் கற்சுவர்கள், நடுவில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் தூண்கள். பெரியவை ஐந்தரை மீட்டர் உயரம். ஒரு தூணின் பக்கவாட்டில் கைகள் மடங்கி இறங்கி, விரல்கள் வயிற்றின்மேல் சேர்கின்றன. இடுப்பில் கச்சை, அதிலிருந்து ஒரு நரித்தோல் தொங்குகிறது. அப்புறம்தான் உறைத்தது, தூண் என்று பார்த்துக்கொண்டிருந்தது ஓர் ஆள்! மற்ற தூண்களில் பாம்பு, தேள், காட்டுப்பன்றி, பிணந்தின்னிக் கழுகு. வீட்டு விலங்கு ஒன்றுகூட இல்லை.

1963-இல் இங்கே வந்து பார்த்த ஆய்வாளர்கள், மேலே தெரிந்த கற்களை இடைக்காலக் கல்லறைகள் என்று நினைத்துக் கடந்துவிட்டார்கள். கிளாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் 1995-இல் தோண்டத் தொடங்கி, 2014-இல் இறக்கும்வரை இந்த மேட்டோடேயே வாழ்ந்தார். பழைய கட்டுமானங்கள் கி.மு. 9500 வாக்கில் எழுந்தவை. பயிரிட்ட தானியமோ வளர்த்த ஆடுமாடோ இங்கே கிடைக்கவில்லை. கிடைத்த விலங்கு எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை, முக்கியமாக மானும் காட்டுமாடும். உழவு வந்தது, உபரி வந்தது, பிறகு ஊரும் கோயிலும் வந்தன என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். ஷ்மிட் அதைத் தலைகீழாகத் திருப்பினார்: ஒன்றுகூடவும் வழிபடவும் இடம் முதலில் வந்தது, அங்கே கூடிய கூட்டத்துக்குச் சோறு போட வேண்டிய தேவைதான் பயிரை நோக்கித் தள்ளியது என்றார். வெறும் கோயில் என்று அவர் நினைத்த இடத்தில் மக்கள் குடியிருந்த வீடுகளும் பின்னாளில் தெரியவந்திருக்கின்றன. அதனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய கல்லை வெட்டி, இழுத்து, நிறுத்தப் பல கூட்டங்கள் சேர்ந்திருக்க வேண்டும், அத்தனை பேருக்கும் சாப்பாடு வேண்டும் என்ற அவருடைய அடிப்படைக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அந்தச் சாப்பாட்டின் தடயமும் இருக்கிறது. இந்த மேட்டில் 7,000-க்கும் அதிகமான அரைக்கும் கல், குழவி, உரல் வகைகள் கிடைத்திருக்கின்றன. காட்டுத் தானியத்தை மாவாகவும் கஞ்சியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். 160 லிட்டர் வரை கொள்ளும் கல்தொட்டிகளும் உண்டு. விதைக்கத் தொடங்குவதற்கு ரொம்ப முன்பே அரைக்கப் பழகிவிட்டார்கள். ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓர் அடுப்பில் ரொட்டித் துணுக்கே கிடைத்திருக்கிறது.

அடுத்து கராஜாடா மலை. உர்ஃபாவுக்கும் தியார்பக்கீருக்கும் இடையில், கருங்கல் சிதறிக்கிடக்கும் பழைய எரிமலை. ஐன்கார்ன் என்ற பழைய கோதுமையின் மரபணுவை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். வயலில் வளரும் ஐன்கார்னுக்கு மிக நெருங்கிய காட்டுச் சொந்தம் இந்த மலைச்சரிவில்தான் இருக்கிறது. ஓட்டுநரிடம் 'அபி, காட்டுக் கோதுமை எங்கே?' என்று கேட்டேன். அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினார். கற்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், மெல்லிய தட்டைக் கதிர்களோடு அது பாட்டுக்கு நின்றது.

பழுத்த கதிர் ஒன்றை விரலால் தொட்டேன். மேலிருந்து ஒவ்வொரு கணுவாகக் கழன்று, அம்பு முனை போன்ற சின்னச் சின்னத் துண்டுகளாக உள்ளங்கையில் விழுந்தது. ஒவ்வொன்றிலும் மணி, நீண்ட முடி. நம் ஊரில் எள் காய் முற்றினால் வெடித்துச் சிதறுமே, அதுபோலத்தான். காட்டுச் செடிக்கு உதிர்வதுதான் பிழைப்பு. ஆனால் எப்போதாவது ஒரு செடியில் மரபுப் பிறழ்வால் கதிர் உதிராமல் அப்படியே நிற்கும். காட்டில் அது பாழ். அறுக்கிறவன் கையிலோ அதுதான் முழுசாக வந்து சேரும். வந்ததில் கொஞ்சத்தை மறுபடி விதைத்தால் அந்த வகை பெருகும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இந்த மாற்றம் முழுமையாக 1,000 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்று அகழாய்வில் கிடைத்த கரிந்த மணிகள் காட்டுகின்றன. தானாகக் கழன்ற துண்டின் அடி வழவழப்பாக இருக்கும், அடித்துப் பிரித்தது பிய்ந்திருக்கும். அந்தத் தழும்பை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் காடா, வயலா என்று பிரிக்கிறார்கள்.

1960-களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளால் இதே மலையில் அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்பில் ஒரு கிலோவுக்கு மேல் சுத்தமான தானியம் தேறியது. மூன்று வாரம் அறுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கும் மிஞ்சும் என்று கணக்குச் சொன்னார். இவ்வளவு தானியத்தைத் தலையில் சுமந்துகொண்டு யாரால் அலைய முடியும்? குதிர் வேண்டும், குதிருக்குக் காவல் வேண்டும், பக்கத்திலேயே வீடு வேண்டும். ஓரிடத்தில் தங்கும் வாழ்க்கை விதைப்புக்கு முன்பே தொடங்கியதன் காரணம் அந்தச் சரிவில் நின்றபோது எனக்கு விளங்கியது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் போனால் காட்டுக் கோதுமையைக் கதிரோடு பார்க்கலாம், அப்புறம் வெயில் தாங்காது. அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், மேட்டுக்குப் போனதும் அங்கே நிற்கும் தூண்கள் புரியும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால், இதே வட்டாரத்தில் உள்ள இதுபோன்ற இன்னொரு மேடான கரஹான் தெபேயையும் விட்டுவிடாதீர்கள். 2019 முதல் அங்கே தோண்டுகிறார்கள், பாறையிலேயே குடைந்த ஓர் அறையில் சுவரிலிருந்து ஒரு மனிதத் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது.