அந்தப் பாக்கெட்டை இங்கன பிரிக்காதீங்க: அம்மாவுக்குப் புரோபயாட்டிக் கொடுத்த அனுபவம்

சித்திரை வெயிலில் வீரவநல்லூரிலிருந்து அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனது காலில் இருந்த புண்ணுக்காக. அம்மாவுக்கு 68 வயது, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. முள் குத்திய இடம் சீழ் பிடித்து, கணுக்கால் வரை சிவந்துவிட்டது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் வைத்து ஊசி போட்டார்கள். சிவப்பு இறங்கியதும் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பேதி பிடித்துக்கொண்டது. முதல் நாள் நான்கு தடவை, மறுநாள் விடிவதற்குள் எட்டு. மருந்துக்கடைக்குப் போய், "பேதி நிக்கதுக்கு ஏதாவது குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டேன். லோபராமைடு மாத்திரையும், சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தும் தந்தார். "இது நல்ல கிருமி, ஒண்ணும் செய்யாது" என்றார். அம்மா எந்த மருந்து தின்கிறாள் என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. இரண்டையும் கொடுத்தேன்.

மத்தியானம் அம்மாவுக்குக் கண் உள்ளே போய், நாக்கு ஒட்டிக்கொண்டது. சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக மறுபடியும் அதே மருத்துவமனை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "பேதியை நிறுத்த மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?" என்பதுதான். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கிற வழக்கமான கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். அந்த இடைவெளியில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சு கக்கலாம். அந்த நேரத்தில் குடலைக் கட்டிப் போட்டால் நஞ்சு உள்ளேயே தங்கும். கிளிண்டாமைசினுக்கு அந்த ஆபத்து கூடுதல். அவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது.

மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அம்மாவைத் தொட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். நாம் பையில் வைத்திருக்கிற சானிடைசர் அந்தக் கிருமியின் வித்துகளை, அதாவது ஓடு மூடித் தூங்குகிற நிலையில் இருப்பவற்றை, கொல்லாதாம். மறுநாள் நஞ்சு இல்லை என்று முடிவு வந்தது. கிளிண்டாமைசினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். வாய் வழியாக ஓ.ஆர்.எஸ். கரைசல். இதோடு ஒரு புரோபயாட்டிக் பாக்கெட், அதாவது குடலுக்கு உதவுகிற உயிருள்ள கிருமி, காலையும் இரவும்.

கடையில் வாங்கியதே இருக்கிறதே என்று குப்பியைக் காட்டினேன். அது பேசில்லஸ் கிளாஸி, ஒரு குப்பியில் 200 கோடி வித்துகள், தப்பான மருந்து இல்லை என்றார். ஆனால் அவர் எழுதியது சாக்கரோமைசஸ் பவுலார்டி. அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட் என்ற ஒருவகைப் பூஞ்சை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. 1920களில் ஆன்ரி பவுலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் காலரா நேரத்தில் லிச்சி, மங்குஸ்தான் தோலை அங்குள்ளவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்ததாம். டாக்டர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: "இது துணைதாம்மா. வைத்தியம்னா அந்த ஆன்டிபயாடிக்க நிறுத்தினதும், உப்புத் தண்ணி குடுத்ததும்தான்."

அன்றைக்கு ராத்திரி முதல் பாக்கெட். கட்டில் ஓரத்தில் நின்று, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாக்கெட்டின் முனையைக் கிழிக்கப் போனேன். நர்ஸ் வாசலிலிருந்தே சத்தம் போட்டாள்: "அக்கா, அக்கா, அந்தப் பாக்கெட்ட இங்கன பிரிக்காதீங்க!"

அடுத்த கட்டிலில் டயாலிசிஸ் செய்கிற ஒரு ஆச்சி படுத்திருந்தார். கழுத்தில் குழாய், அதன் முனை பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பாக்கெட்டைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கும். அது கையில் ஒட்டியோ காற்றிலோ அந்தக் குழாய் வழியாக ரத்தத்துக்குள் போனால், அம்மாவின் குடலுக்கு உதவுகிற அதே ஈஸ்ட் அந்த ஆச்சிக்கு ரத்தத் தொற்றாகிவிடும். நர்ஸ் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போய், அங்கே பிரித்துக் கரைக்கச் சொல்லி, கை கழுவுகிறவரை பக்கத்திலேயே நின்றாள். டம்ளரில் வெளுத்த மண் நிறத்தில் கலங்கலாக இருந்தது. மோந்து பார்த்தேன், ஆப்ப மாவு புளித்த வாசம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தப்பு செய்தேன். அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் குமட்டியதால், ஆவி பறக்கிற உளுந்தங்கஞ்சியில் கலந்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். உயிருள்ள ஈஸ்ட், சூட்டில் செத்துவிடும். அந்த நான்கு வேளையும் வீண். அப்புறம் ஆறின மோரில் கலந்தேன்.

"மோரே குடிக்கேம்லா ட்டி, அது போதாதா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். மறுபரிசோதனையில் டாக்டரிடம் கேட்டேன். மோரும் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எத்தனை இருக்கிறது என்று அளவு கிடையாது, மருந்தென்றால் வகையும் அளவும் தெரிய வேண்டும் என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. பிறகு தேடிப் படித்தபோதும் அதையே பார்த்தேன். ஒடிசாவில் பச்சைப் பிள்ளைகள் 4,500க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட லாக்டோபாசிலஸை அதற்கு உணவாகும் சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்ததில் ரத்தத் தொற்றும் சாவும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் 2013இல் பிரிட்டனில் 65 வயது தாண்டிய ஏறக்குறைய 3,000 பேருக்கு வேறு வகைகளைக் கலந்து கொடுத்தும், ஆன்டிபயாடிக் பேதியைத் தடுப்பதில் பலன் தெரியவில்லை. எந்தக் கிருமி, யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் "நல்ல கிருமி" என்று வாங்கிவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது வாரம் அம்மாவின் நாக்கில் வெள்ளை படிந்தது. உள்ளூர் டாக்டர் ஃப்ளூகோனசோல் எழுதினார். கிளம்பும்போது பாக்கெட்டைக் காட்டினேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கி, பூஞ்சை மருந்து முடிகிறவரை ஈஸ்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து ஈஸ்டையும் சேர்த்து அடக்கிவிடும். அதற்குள் பேதியும் நின்றிருந்ததால், பெரிய டாக்டரிடம் போனில் கேட்டு அதோடு நிறுத்திவிட்டோம்.

மூன்றாவது வாரக் கடைசியில் அம்மா பழையதும் சின்ன உள்ளியும் கேட்டுச் சாப்பிட்டாள். நான்கு பாக்கெட் மீதி. எதிர்த்த வீட்டு மைனி, பேரனுக்கு வயிறு சரியில்லை, அதைத் தாயேன் என்று வந்தாள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து சமீபத்தில்தான் வீட்டுக்கு வந்திருந்தது. பாக்கெட்டைக் கொடுக்கவில்லை. காலிப் பெட்டியைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் காட்டிக் கேளுங்க மைனி என்று ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.