ஹாம்பர்க்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி

ஜெர்மனில இருக்கற ஹாம்பர்க் போறவங்க சனிக்கிழமை ராத்திரி கண்டிப்பா அங்க இருக்கற மாதிரி ப்ளான் பண்ணுங்க. ரீப்பர்பான் ஏரியால விடிய விடிய பாட்டும் கூட்டமும்தான், 1960ல பீட்டில்ஸ் இசைக்குழு, பேர் தெரியாத பசங்களா வந்து வாசிச்ச இடம், அங்க சுத்திட்டு ரூமுக்கு போகாம அப்படியே எல்ப ஆத்தங்கரை மீன் சந்தைக்கு நடந்துடுங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்தான், கோடைல 5 மணிக்கே ஆரம்பிச்சு 9.30க்கு முடிஞ்சிரும், 1703லேர்ந்து நடக்குது. வினிகர்ல ஊறின ஹெர்ரிங் மீன், பச்சை வெங்காயம், மொறுமொறு பன், அந்த விடிகாலை குளிர்ல என்னா ருசி!

துறைமுகம் பாக்க டூர் படகே வேணாங்க, 62ம் நம்பர் ஃபெர்ரிக்கு சாதா பஸ் டிக்கெட்டே போதும். 1911ல திறந்த எல்ப சுரங்கத்துல ஆத்துக்கு அடில நடந்தே அக்கரைக்கு போலாம், காசே கிடையாது.