எடையில்லாத ஆப்பிள்

"தம்பி, இந்த ஆப்பிளுக்கு எடையே இல்லையே" என்றார் அவர்.

தலையில் மாட்டியிருந்த கருவிக்குள் அவருக்கு மட்டும் தெரியும் ஒரு பழத்தோட்டம் இருந்தது. வெளியே, எங்கள் பிசியோதெரபி அறையில், நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்காற்றைப் பறித்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் டீ மாஸ்டராக நின்றவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் சொன்னதை அன்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

கண்முன் இல்லாத காட்சியை இருப்பதுபோலக் காட்டும் இந்த மெய்நிகர்க் கருவி எங்கள் பிரிவுக்கு வந்த நாளில் என்னைவிட மகிழ்ந்தவர் யாரும் இருக்க முடியாது. காரணம் எண்ணிக்கை. பக்கவாதத்தில் அழிந்த மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. எஞ்சியிருக்கும் பகுதிகள்தான் அவற்றின் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பது என்றால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளில், மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள் தேவைப்பட்டன. ஆனால் வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஓர் அமர்வில் நோயாளி கையால் செய்யும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 என்றது. எங்கள் அறையில் அதுகூட இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஒருவருக்கு அரைமணி நேரம். வெளியே பெஞ்சில் அடுத்தவர் காத்திருப்பார். அவருக்கு ஊருக்குத் திரும்பும் பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். கூம்புகளை அடுக்குவதும், மேசையில் துண்டை முன்னும் பின்னும் தள்ளுவதும் இருபதாவது முறையிலேயே சலித்துவிடும். தோட்டத்துக்குள் போன டீ மாஸ்டரோ முதல் வாரத்திலேயே நூறைத் தாண்டினார்.

விரல்கள் மடங்கிக் கிடந்ததால் கருவியின் கைப்பிடியை அவர் கையோடு கிரேப் பேண்டேஜ் சுற்றிக் கட்டிவிடுவேன். தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் பட்டை வழுக்கும்; ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்தாக வேண்டும். அவர் மனைவி முதல் நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "இவருக்குப் புத்தியும் கலங்கிவிட்டதா சார்?" கருவியைக் கழற்றி அந்த அம்மாவின் தலையில் மாட்டினேன். ஒரு நொடி அசையாமல் இருந்தார். பிறகு கை தானாக மேலே போனது. அதற்குப் பிறகு அவர் வெளியே நின்றதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணுவார்.

எங்கள் பிரிவில் எல்லோரும் அந்தக் கருவியைக் 'கண்ணாடி' என்றே சொல்வோம். அது பொருத்தமான பெயர்தான். இதற்கு முன்பு நாங்கள் நம்பியிருந்ததும் ஒரு கண்ணாடியைத்தான்; முகம் பார்க்கும் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் மாய வலிக்காக ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தினார். 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதே உத்தியைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். நல்ல கையின் பிம்பம், விழுந்த கை இருக்கும் இடத்தில் அசைவதை நோயாளி பார்ப்பார். புதிய கருவிகளில் சில அதையே வேறு விதமாகச் செய்கின்றன. கை கொஞ்சம் நகர்ந்தால், உள்ளே தெரியும் கை நிறைய நகரும். நான்கு மாதமாகத் தன் கையை மரக்கட்டையாகப் பார்த்துவந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய காட்சி என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

தோட்ட விளையாட்டில் அவர் மதிப்பெண் 40லிருந்து 110க்கு ஏறியது. நானும் பெருமையோடு குறித்துவந்தேன். மூன்று வாரம் கழித்து, பக்கவாதத்துக்குப் பிறகு கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்கும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் கையைச் சோதித்தேன். முழு மதிப்பெண் 66. முதல் நாள் 29 இருந்தது, இப்போது 30.

மறுநாள் திரையைப் பார்க்காமல் அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். ஆப்பிள் தெரிந்ததும் முதுகு நாற்காலியை விட்டு எழுந்தது. தோள் காதுவரை ஏறியது. முழங்கை மடங்கியபடியே இருக்க, உடம்பே சாய்ந்து கையைப் பழத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கை பழத்தைத் தொட்டதா என்பதை மட்டுமே கருவி பார்த்தது. எப்படித் தொட்டது என்று பார்க்க வேண்டியவன் நான். மூன்று வாரம் நான் பார்க்கவில்லை.

மார்புக்குக் குறுக்கே பட்டை போட்டு நாற்காலியோடு கட்டினேன். விளையாட்டு மதிப்பெண் 35க்கு விழுந்தது. அவர் முகமும் விழுந்தது. அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. நீங்கள் தோற்கவில்லை, நான்தான் தவறாக எண்ணினேன் என்று சொல்லிப் புரியவைக்க அன்றைய அரைமணி நேரமும் போயிற்று.

அப்போதுதான் ஆய்வுகளை ஒழுங்காகப் படித்தேன். டொராண்டோவின் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் 141 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2016இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு, உடலை அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ வீடியோ விளையாட்டு. மற்றவர்களுக்குச் சீட்டாட்டம், பிங்கோ, பந்து. இரு சாராரும் தேறினார்கள், வித்தியாசம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 72 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வுரையும், வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தால் மெய்நிகர்ப் பயிற்சி கூடுதல் பலன் தருவதாகத் தெரியவில்லை, அதோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் தரலாம் என்றுதான் சொன்னது. கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளைக் குறைக்கலாம் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

எடை பற்றி அவர் சொன்னது அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே தூக்கும் எதற்கும் கனம் கிடையாது. பொருள் கையில் பட்டதும் விரல் இறுக வேண்டும், கனத்துக்கு ஏற்பத் தோள் தாங்க வேண்டும். அந்தப் பாடம் அந்தத் தோட்டத்தில் இல்லை. அதன்பின் பத்து ஆப்பிளுக்கு ஒரு முறை கண்ணாடியைக் கழற்றினேன். ஆப்பிள் தொங்கிய அதே உயரத்தில், அதே தூரத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். உள்ளே தயங்காமல் போன கை, டம்ளர் முன்னால் நடுங்கியது. முதலில் வெறும் டம்ளர். பிறகு கால்வாசித் தண்ணீர். ஐந்தாவது வாரம், யாரும் சொல்லாமலேயே, அவர் மனைவி கடையிலிருந்து டீ ஆற்றும் குவளையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

வலது கையை உயரத் தூக்கி ஆற்றுவதுதான் அவர் வழக்கம். அது திரும்பவில்லை. இடது கை மேலே போக, வலது கை கீழே டம்ளரைத் தாங்கக் கற்றுக்கொண்டது. பத்தாவது வாரம் அளவுகோலில் 37. இப்போது காலையில் கல்லாவில் உட்காருகிறார். கூட்டம் இல்லாத பிற்பகலில் மட்டும் அடுப்படிக்குப் போகிறார். கடைசி அமர்வின் தாளில் நான் எழுதியது இது: மார்புப் பட்டை இல்லை. முதுகு நாற்காலியில். 100 மி.லி. வெதுவெதுப்பான நீர், எட்டு முறை ஆற்றினார். இரண்டு முறை சிந்தியது.