தட்டாமல் சுடும் பொத்தான்

ஜூன் 8, 2024, சனி

டோக்கியோ அடுக்ககத்தின் சுவர் அட்டை போல மெல்லியது. இரவு பதினொரு மணிக்கு நான் பொத்தானைத் தட்டும் சத்தம் அடுத்த வீடுவரை போகிறது என்று மனைவி மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டாள். நான் ஆடுவது தட்சுஜின். விளையாட்டுக் கூடங்களுக்காக டோஆபிளான் நிறுவனம் உருவாக்கி 1988இல் வெளிவந்த விண்வெளிச் சுடும் ஆட்டம். விரல் ஓய்ந்தால் குண்டும் ஓயும். நொடிக்கு 16 முறை தட்டிப் புகழ்பெற்றவர் ஜப்பானிய வீடியோ ஆட்டப் பிரபலம் தகஹாஷி மெய்ஜின். நான் எண்ணிப் பார்த்தேன், எட்டு. அதுவும் முதல் அரை நிமிடத்துக்குத்தான்.

இங்குள்ள விளையாட்டுக் கூடங்களில் பழைய சுடும் ஆட்டங்களுக்கு ‘ரென்ஷா’ (தொடர்ந்து சுடுதல்) என்று தனிப் பொத்தானே வைத்திருப்பார்கள். அழுத்திப் பிடித்தால் போதும், தானாகத் தட்டும். ஆகவே ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல் எனக்கு இல்லை. அதை நானே செய்யப் போகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

மின்னணுக் கடைகள் நிறைந்த அகிஹபாரா போய், சீரான துடிப்பு தரும் 555 டைமர் சில்லும், மின் சுவிட்சாக வேலை செய்யும் 2எஸ்சி1815 டிரான்சிஸ்டரும் வாங்கி வந்தேன். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 1 கிலோஓம், 22 கிலோஓம், அதனுடன் தொடராக திருகி மாற்றக்கூடிய 100 கிலோஓம் மின்தடை. கணக்குப்படி நொடிக்கு ஏறக்குறைய 6 முதல் 32 துடிப்பு வரை திருகிக்கொள்ளலாம்.

555இன் வெளியீட்டை நேரே பொத்தான் கம்பியில் இணைக்கக் கூடாது. ஆட்டம் ஓடும் மின்சுற்றுப் பலகை அந்தக் கம்பியை 5 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கிறது. பொத்தான் செய்வதெல்லாம் அதைக் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுப்பதுதான். டைமர் மேலே தள்ளும் நேரத்தில் பழைய பொத்தானையும் அழுத்தினால் டைமரின் வெளியீடு நேரே கிரவுண்டில் முட்டும். நடுவில் டிரான்சிஸ்டர் இருந்தால் இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது.

எல்லாம் சரி, ஆனால் ஒரு குண்டுகூட வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

கல்லூரிப் புத்தி! ஊரில் ஆய்வகம் முழுக்க பிசி547 டிரான்சிஸ்டர்தான். தட்டைப் பக்கத்தைப் பார்த்துப் பிடித்தால் அதன் மூன்று கால்களும் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில் வரும். ஜப்பானிய 1815க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். கை பழக்கத்தில் சொருகிவிட்டது. நேற்றிரவு இரண்டு மணி நேரம் டைமரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். கால்களை மாற்றியதும் சீறிக்கொண்டு சுட்டது.

ஜூன் 15, சனி

திருகை முழுக்க முடுக்கினேன். வேகம் கூடினால் எதிரி சீக்கிரம் சாவான் என்றுதான் நினைத்தேன். குண்டு வரிசை நொடிக்கு இரண்டு முறை திக்கியது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்த பிறகே புரிந்தது. ஆட்டம் பொத்தானைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு திரைச் சட்டத்துக்கும் ஒருமுறை, நொடிக்கு அறுபதுக்குச் சற்று முன்பின்னாக எட்டிப் பார்க்கிறது. ஒரு சட்டத்தில் அழுத்தல், அடுத்ததில் விடுதல். அதிகபட்சம் முப்பது குண்டு. அதைத் தாண்டினால் சில தட்டல்கள் இரண்டு பார்வைகளுக்கு நடுவே நழுவிவிடுகின்றன. முப்பதுக்குக் குறைத்துத் திருகினாலும் அரை மணி நேரத்தில் மெல்ல விலகுகிறது. மின்தேக்கியும் மின்தடையும் கடிகாரம் அல்லவே.

ஜூன் 22, சனி

மழை. வெளியே போகவில்லை.

தாளத்தை ஆட்டத்திடமிருந்தே வாங்கிக்கொள்ள முடிவு செய்தேன். ஆட்டப் பலகையையும் கூட இயந்திரத்தையும் இணைக்கும் ‘ஜாமா’ என்ற பொது இணைப்பில், ‘பி’ (P) என்ற முனையில் திரையின் ஒத்திசைவுச் சைகை வருகிறது. அதை மின்தடைகளால் தணித்து எல்எம்1881 சில்லுக்குக் கொடுத்தால் சட்டத்துக்கு ஒரு துடிப்பைப் பிரித்துத் தரும். 74எச்சி74 என்ற இன்னொரு சில்லு அதை இரண்டால் வகுக்கும்: ஒரு சட்டம் அழுத்தல், ஒரு சட்டம் விடுதல். 555 வெளியேறியது, 1815 தங்கியது. அதன் கலெக்டர் 22ஆம் முனைக்கு, அதாவது முதல் ஆட்டக்காரரின் முதல் பொத்தானுக்கு.

சால்டர் இல்லாமல் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் வேலை செய்தது. திக்கல் இல்லை. இந்தச் சுற்றுக்கு ஐந்து மின்சுற்றுப் பலகை அச்சிடக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

பலகைகள் வந்தன. டிரான்சிஸ்டர் பக்கத்தில் ‘எமி – கலெ – பேஸ்’ என்று எனக்காகவே பெரிதாக அச்சிட்டிருக்கிறேன். சால்டர் வைத்து, புதிய பொத்தானைப் பொருத்தி, இரவு பதினொன்றுக்கு ஆடினேன். தட்டும் சத்தமே இல்லை.

மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். புதிய பொத்தானை ஒரு விநாடி அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவளுக்குப் பிடித்தது இரண்டாவது பொத்தான். திரை நிறைய மண்டையோடு விரியும் வெடி. கையிலிருந்த மூன்று வெடிகளும் தீர்ந்த பிறகும் அதையே டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறாள்.