பானியின் பியானோ வகுப்பு

போலந்தின் வூச் நகரில் நம் பாட்டுக்குழுவுக்குப் பியானோ வாசித்த பானி (போலிஷில் 'அம்மையார்'), தொண்ணூற்றைந்து வயதைக் கடந்து காலமாகிவிட்டார். லுமும்பா மாணவர் விடுதியில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தன் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவன் அதை எழுதவும் வேண்டாம் என்பார், ஆகவே எழுதவில்லை.

நீங்களெல்லாம் இறைச்சிக் கூப்பனோடு வரிசையில் நின்ற சனிக்கிழமைகளில் நான் அவரிடம் பியானோ பழகினேன். பாடநூல், கிராகோவ் நகரத்து யானினா கார்ஷ்சா குழந்தைகளுக்காக எழுதியது. போலந்தில் பியானோ தொட்ட எந்தக் குழந்தையும் அந்த அம்மாவிடமிருந்து தப்பியதில்லை. எனக்கோ இருபத்திரண்டு வயது, மீசை வேறு. ஆண்டிறுதிக் கச்சேரியில், பல் விழுந்த பையன் ஒருவனுக்கு அடுத்ததாக என்னை மேடையேற்றினார். பாதியில் விரல் நின்றுவிட்டது. தன் முறைக்காகக் காத்திருந்த சிறுமி எழுந்து வந்து, சரியான கட்டையை அழுத்திக் காட்டினாள். அரங்கே சிரித்தது. பானி மட்டும் சிரிக்கவில்லை. "யெஷ்சே ராஸ்", இன்னொரு முறை, என்றார். முதலிலிருந்து வாசித்தேன். அதே இடத்தில் நின்றது.

அவரும் இசையமைப்பாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. 1939இல் ஜேர்மனியர் வூச் நகரத்தைத் தம் நாட்டோடு இணைத்துப் போலிஷ் பள்ளிகளை மூடியபோது, யன்னலை அடைத்துக்கொண்டு போலந்து இசைமேதை ஷோப்பானின் இசையைப் பழகியவர். போர் முடிந்ததும் இசையமைப்புப் படித்தார். 1949இல் வாகூவில் நடந்த இசையமைப்பாளர் மாநாட்டோடு, கலை மக்களுக்கு எளிதில் புரிந்து அரசின் கொள்கையைச் சொல்லவேண்டும் என்ற சோசலிச யதார்த்தவாதம் இசைத்துறைக்கும் சட்டம்போல் ஆயிற்று. பானி எழுதியது 'உருவவாதம்', அதாவது மக்களுக்குப் புரியாத வெறும் வடிவ விளையாட்டு, என்று ஒதுக்கப்பட்டது. அதன்பின் குழந்தைகளுக்கு மட்டுமே எழுதினார். "எட்டு வயதுக்காரனின் பாட்டில் எவரும் உருவவாதம் தேடமாட்டார்கள்" என்பார். அவற்றில் ஒன்றுகூட அச்சேறவில்லை.

இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்பும் பேச்சு நம்மிடையே நின்றுபோனது. பட்டம் கைக்கு வந்ததும் மேற்கே போகிறேன் என்று பானியிடம் சொல்லப் போனேன். தேநீர் ஊற்றியபடியே, 1830 நவம்பரில் வார்சோவை விட்டுப் போன ஷோப்பானைப் பற்றிச் சொன்னார். இறந்தபின் திரும்பியது ஷோப்பானின் இதயம் மட்டுந்தான், அதுவும் அக்கா லுட்விகா ஒளித்துக் கொண்டுவந்தது.

"நீ முழுதாக வா" என்றார்.

வருகிறேன் என்றேன். பிறகு ரொறன்ரோ, வேலை, வீட்டுக்கடன், மகளுக்கு ஒரு பியானோ. மூன்றாம் தரத்தோடு அவள் நிறுத்தியபோது கண்டிக்க எனக்குத் தகுதி இருக்கவில்லை. இங்கிருந்து வார்சோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகப் போய், இரண்டு நாள் வூச்சில் தங்கலாமா என்று பார்ப்பேன். டுபாய் வழி டிக்கெட் மலிவாக இருக்கும்.