பிரனேசியின் கணப்புகள்

எட்சிங், அதாவது செம்புத் தகட்டில் கோடு கீறி ஆசிட்டால் அரித்து அச்செடுக்கும் கலை, பழகியவர்களிடம் பிரனேசி என்று சொன்னால் முதலில் அவருடைய கற்பனைச் சிறைச்சாலைகளைத்தான் பேசுவார்கள். அப்புறம் ரோம் நகரக் காட்சிகள். நான் அடிக்கடி திறந்து பார்ப்பது இரண்டையும் இல்லை. 1769-இல் ரோமில் அவர் வெளியிட்ட கணப்பு வடிவங்களின் தொகுப்பைத்தான். குளிர்காயும் அடுப்பைச் சுற்றிச் சுவரில் பதிக்கும் சலவைக்கல் சட்டங்களுக்கான டிசைன்கள், அவ்வளவுதான். நான் இருக்கும் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். கணப்பு எனக்கு எதற்கும் உதவாது. ஆனால் தகட்டில் கோடு போடுகிற ஒருவனுக்கு இந்தப் புத்தகத்தில் கற்க நிறைய இருக்கிறது.

ஜொவானி பத்தீஸ்தா பிரனேசி வெனிஸ் பக்கத்திலிருந்து ரோமுக்கு வந்தவர். தன்னைக் கட்டடக் கலைஞர் என்றே சொல்லிக்கொண்டார். அவர் கட்டியதாகக் காட்டுவதற்கு இருப்பதோ அவென்டைன் குன்றில் ஒரு தேவாலயம் மட்டும். சோறு போட்டது செம்புத் தகடுகள்தான். ஸ்பானியச் சதுக்கத்துக்கு மேலே பலாத்சோ தொமாத்தி என்ற மாளிகையில் அவருக்கு வீடும் கடையும். அச்சுப் படங்களோடு, உடைந்த பழைய சிற்பங்களை ஒட்டவைத்துச் செப்பனிட்டும் விற்றார். வாங்கியவர்களில் பெரும்பகுதி இத்தாலி சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள். அவர்கள் ஊரில் குளிர் அதிகம், மாளிகையில் அறைக்கு அறை கணப்பு. இப்போது புரிந்திருக்கும். புத்தகத்தின் முன்னுரை இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் இருக்கிறது. கலைக் கொள்கை பேசும் நூல்தான், ஆனால் கடைக்காரரின் கண்ணும் அதில் விழித்திருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கணப்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தூண் வரைந்தால் 'கிரேக்கர் இப்படிச் செய்யவில்லையே' என்று அளவுகோலோடு ஒருவர் வந்து நிற்பார். இந்த மாதிரி அலங்காரக் கணப்பை அந்தப் பழையவர்கள் விட்டுச் செல்லவில்லை. ரோமானியர் தரைக்கடியில் சூடான காற்றை ஓடவிட்டார்கள், தணல்சட்டி வைத்தார்கள். சுவரில் சட்டம் போட்ட கணப்பு பிற்காலத்துப் பொருள். ஆகவே நகலெடுக்க மூலமே கிடையாது. கல்லறைப் பெட்டி, பலிபீடம், சாம்பல் தாழி, பதக்கச் சிற்பம் என்று கையில் கிடைத்த எதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து ரோமில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கிரேக்கக் கலையின் எளிமைதான் உச்சம் என்று ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் விங்கல்மன் எழுதினார். பிரான்ஸில் லெ ருவா 1758-இல் கிரேக்கச் சின்னங்களைப் பற்றி ஒரு நூல் போட்டார். பிரனேசிக்குக் கோபம். ரோமானியர் கட்டடக்கலையை, இத்தாலியில் அவர்களுக்கு முன்பே வாழ்ந்த எத்துருஸ்கானியரிடமிருந்து கற்றார்கள், கிரேக்கரிடம் அல்ல என்று 1761-இல் ஒரு பெரிய நூலால் பதில் சொன்னார். வரலாறாகப் பார்த்தால் அவர் பக்கம் பலவீனம்தான். ஆனால் 1769-க்கு வரும்போது வாதம் கொஞ்சம் இளகிவிடுகிறது. எகிப்து, எத்துருஸ்கானியர், கிரேக்கர் எல்லோரிடமிருந்தும் எடு, கல, புதிதாக ஒன்றைச் செய் என்கிறார். இந்தப் பிரனேசியைத்தான் எனக்குப் பிடிக்கும்.

அறுபதுக்கும் மேற்பட்ட தகடுகளில் 11 கணப்புகள் எகிப்திய பாணி. அவர் எகிப்துக்குப் போனதில்லை. நெப்போலியன் படையெடுப்பு 1798-இல், ஷம்போலியோன் சித்திர எழுத்தைப் படித்தது 1822-இல். பிரனேசி பார்த்ததெல்லாம் ரோமானியப் பேரரசர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த தூபிகளும் (உச்சி கூரான நான்முகக் கல்தூண்கள்) சிலைகளும், அவற்றைப் பார்த்து ரோமிலேயே செய்தவையும்தான். அதனால் அவருடைய ஸ்பிங்க்ஸும் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட உருவம்) காளையும் வண்டும் எகிப்தியல் படித்தவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். சித்திர எழுத்து போலத் தெரியும் வரிகளில் ஒன்றையும் படிக்க முடியாது. எகிப்தைத் தெரிந்துகொள்ள இந்தப் படங்கள் பயன்படா. கல்லின் கனத்தை, அசையாத உருவங்களின் இறுக்கத்தைக் கோட்டில் கொண்டுவர அவர் எடுத்த முயற்சியைப் பார்க்க இவற்றை விட்டால் வேறில்லை.

முன்னுரையில் ஒரு வாதம் என்னைப் பிடித்துக்கொண்டது. 'இவ்வளவு அலங்காரத்தை அடைக்கலாமா' என்று கேட்பார்கள் என அவருக்கே தெரியும். கண்ணை உறுத்துவது அலங்காரத்தின் எண்ணிக்கை இல்லை, எது முக்கியம் எது துணை என்ற ஒழுங்கு இல்லாததுதான் என்று பதில் சொல்கிறார். வெறும் தற்காப்பு என்று கடந்துபோயிருப்பேன், எட்சிங் தெரியாமல் இருந்தால்.

தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த கிரவுண்ட் பூசி, புகை காட்டிக் கருப்பாக்கி, ஊசியால் கீறுவோம். கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். ஆசிட்டில் இறக்கினால் அந்தக் கோடுகளை மட்டும் அது தின்னும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு, விட்டுவைத்தால் ஆழமான கருத்த கோடு. லேசாக நிற்க வேண்டிய பகுதியை வார்னிஷால் மூடிவிட்டு மிச்சத்தை மறுபடி இறக்கலாம். ஆக, எது முன்னே வர வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறை இறக்கும்போதும் முடிவு செய்தாக வேண்டும். அவர் எழுத்தில் சொன்ன ஒழுங்கு எங்களுக்குத் தொட்டியருகே தினமும் வரும் கேள்வி. கணப்பின் நடுவே இருக்கும் வாயைப் பாருங்கள். நெருக்கமான கோடுகளால் இருட்டாக்கிவிடுவார். அந்த இருட்டு நிற்பதால்தான் சுற்றியுள்ள மாலைகள், ஆட்டுத்தலைகள், முகமூடிகள் இவ்வளவு கூட்டத்திலும் சண்டை போடாமல் நிற்கின்றன.

இன்னொன்று தொழில் செய்பவர்களுக்கு மட்டும் தோன்றும். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும். ஊர்க்காட்சி வரைபவருக்கு அது தலைவலி. கணப்போ இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பது. மாறினால் என்ன? எழுத்தை மட்டும் கண்ணாடிப் பிம்பமாக வெட்டினால் போதும். படிக்கவே முடியாத சித்திர எழுத்துக்கு அந்தக் கவலையும் இல்லை.

இவற்றில் சில கல்லாகவும் ஆயின. இங்கிலாந்தில் எக்சீட்டர் பிரபுவின் பர்லி மாளிகையில் ஒன்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் வங்கிக் குடும்பத்து ஜான் ஹோப்புக்காகச் செய்தது இப்போது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில். அதில் அசல் பழைய சிற்பத் துண்டுகளையே பதித்திருக்கிறார்கள். இரண்டையும் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அழகுதான், ஆனால் சாதுவாகிவிட்டன. காகிதத்தில் இருக்கும் திமிர் சலவைக்கல்லில் இல்லை.

ஸ்பானியச் சதுக்கத்தில் ஆங்கிலேயர் கூடும் காப்பிக்கடை ஒன்றின் சுவர்களையும் அவர் எகிப்தியப் பாணியில் அலங்கரித்தார். வேல்ஸ் நாட்டு ஓவியர் தாமஸ் ஜோன்ஸ் அதை அழுக்கான இடம் என்றும், அந்த ஸ்பிங்க்ஸ்களும் தூபிகளும் காப்பிக்கடையைவிட ஒரு கல்லறைக்கே பொருந்தும் என்றும் எழுதிவைத்தார். கடை இப்போது இல்லை. இந்தப் புத்தகத்தின் இரண்டு தகடுகளில் அதன் சுவர்கள் இருக்கின்றன. ஜோன்ஸ் சொன்னது நியாயம்தான் என்று நினைக்கிறேன். காலையில் காப்பி குடிக்கிற இடத்தில் இவ்வளவு முறைக்கும் முகங்கள் தேவையில்லை.

பார்க்க விரும்புபவர்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள், கைபேசியில் வேண்டாம். எகிப்தியக் கணப்புகளில் தொடங்குங்கள். கடைசிப் பக்கங்களில் வரும் கடிகாரங்கள், மேசைகள், கோச்சு வண்டிகளை அவசரமில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.