தேதி நீக்கிய தாள்கள்

இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பிப்பது என் பணி. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் தொடக்க அதிகாரங்களுக்கு எழுந்த விளக்கங்களைப் படிக்கும் வாரம் வந்தால் நான் விரிவுரையோடு தொடங்குவதில்லை. எழுதியவர் பெயரும் ஆண்டும் நீக்கிய சில பகுதிகளைத் தாள்களாக மாணவர்களிடம் கொடுத்து, எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தச் சொல்வேன். பல ஆண்டுகளாக நடத்திவரும் இந்தப் பயிற்சியில் அவர்கள் தவறும் இடம் ஏறக்குறைய மாறுவதே இல்லை.

சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் உண்டாயின என்றால் முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் விடியலும் எங்கிருந்து வந்தன, அறிவுள்ள எவர் இதை எழுத்துப்படி கொள்வார் என்று கேட்கும் தாளை டார்வினுக்குப் பின்னால் வைப்பார்கள். அதை எழுதியவர் மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன். மோசே பாமர மக்களின் கண்ணுக்குத் தெரிகிறபடியே எழுதினார், சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலார் நிறுவுவதால் அவருக்கு இழுக்கில்லை, வானியல் கற்க விரும்புகிறவர் வேறிடம் செல்லட்டும் என்னும் தாளும் அதே பக்கத்துக்குப் போகும். அது 1554இல் வெளிவந்த கால்வினின் உரை. பெருவெள்ளமே பாறை அடுக்குகளையும் அவற்றிலுள்ள புதைபடிவங்களையும் உண்டாக்கியது என்று வாதிடும் தாளையோ ஆதித் திருச்சபைக்கே கொண்டுபோய்விடுவார்கள். அது ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற அட்வென்டிஸ்ட் சபையார் 1923இல் எழுதியது. புல் என்று வாசித்தால் புல் என்றே கொள்கிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லும் நான்காம் நூற்றாண்டுப் பசிலியாரின் தாள் மட்டும் பெரும்பாலும் தன் இடத்தில் விழும். அதுவும் அறிந்து வைத்ததன்று, பழையது எல்லாம் எழுத்துப்படியே வாசிக்கப்பட்டிருக்கும் என்ற ஊகத்தின் பயன்.

அந்த ஊகத்தைக் கலைப்பதற்கு 1925ஆம் ஆண்டு டெனிசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் நடந்த வழக்கைப்போல் உதவுவது வேறில்லை. மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பித்ததாக ஓர் ஆசிரியர்மேல் வழக்கு. அவருக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பரிணாமத்துக்கு எதிரான இயக்கத்தின் முகமாகவே விளங்கியவர். ஆயினும் சாட்சிக் கூண்டில் கேட்கப்பட்டபோது, படைப்பின் நாள்கள் இருபத்து நான்கு மணிநேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஒரு நெடுங்காலம் என்பதும், முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி உண்டு என்பதும் அக்காலத்து மரபுவழிக் கிறிஸ்தவர்களிடையே இயல்பாகப் புழங்கிய கருத்துகள். இடைவெளிக் கொள்கையைத் தாமஸ் சாமர்ஸ் 1814இலேயே, அதாவது டார்வினின் நூலுக்கு 45 ஆண்டுகள் முன்னரே, முன்வைத்திருந்தார். பிரைஸின் வெள்ளக் கருத்து அவருடைய சபைக்கு வெளியே பெரிதாகப் பரவியது, விட்காமும் மோரிசும் 1961இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான்.

இவ்வளவும் சரியாகக் கற்பித்த நான் ஓரிடத்தில் சில ஆண்டுகள் தவறாகவே கற்பித்தேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆயர் அகுஸ்தீனைக் கிட்டத்தட்ட டார்வினுக்கு முன்னோடியாக்கி வைத்திருந்தேன். ஆறு நாள்களை நாள்காட்டி நாள்களாக அவர் கொள்ளவில்லை, உயிர்வகைகள் விதைக்காரணங்களாகப் படைப்பில் மறைந்திருந்து உரிய காலத்தில் வெளிப்பட்டன என்றார், இயற்கையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் அறியாமல் பிதற்றினால் பிற சமயத்தார் வேதத்தையே நகைப்பார்கள் என்று எச்சரித்தார். இவை அனைத்தும் உண்மையே. ஒரு நாள் வகுப்பு முடிந்தபின், ஆறு நாள் படைப்பை உறுதியாக நம்பும் மாணவர் ஒருவர் ‘கடவுளின் நகரம்’ நூலின் பன்னிரண்டாம் புத்தகத்தைத் திறந்து என் மேசைமேல் வைத்தார். “ஐயா, மனிதன் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை என்று இவரே சொல்கிறாரே, இதை நீங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லையே?” என்றார். குரலில் குற்றச்சாட்டைவிட வியப்பே மிகுந்திருந்தது.

அன்று இரவு முழுவதும் அகுஸ்தீனின் ஆதியாகம உரையை மீண்டும் புரட்டினேன். ஆறு நாள் போதாது என்று அவர் கருதவில்லை. கடவுளுக்கு ஆறு நாள் எதற்கு என்றே அவர் தயங்கினார். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன என்பதே அவர் முடிவு. அதற்கு அவர் நாடிய ஆதாரங்களில் ஒன்று, சீராக் நூலின் 18ஆம் அதிகார முதல் வசனத்தை ‘அனைத்தையும் ஒருசேரப் படைத்தார்’ என்று பெயர்த்த லத்தீன் பாடம். கிரேக்க மூலத்திலுள்ள சொல்லோ ‘எல்லாவற்றையும் பொதுவாக’ என்ற அளவிலேயே நிற்கிறது. காலத்தை நீட்டியவர் என்று நான் காட்டிவந்தவர் உண்மையில் அதைச் சுருக்கியவர். விதைக்காரணங்களும் ஓர் இனம் இன்னொன்றாக மாறுவதைக் குறித்தவை அல்ல. ஒவ்வோர் இனமும் தன் இயல்புப்படி வெளிப்படுவதைக் குறித்தவை. படைப்புவாதிகள் செய்யும் அதே வேலையை, இறந்தவரைத் தம் அணிக்கு ஆள் சேர்க்கும் வேலையை, எதிர்ப்பக்கம் நின்று நானும் செய்திருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் அதைச் சொன்னேன். எதிர்பார்த்த அளவு கடினமாக இல்லை. அந்த மாணவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்ற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. உயிரினங்களின் பரிணாமத்துக்கான சான்றுகள் மிக வலுவானவை என்பதே என் நிலை, ஆனால் அதை நிறுவும் பொறுப்பு அகுஸ்தீனுடையதன்று.

அதன் பிறகு தாள்களில் இரண்டைக் கூட்டினேன்: அவருடைய எச்சரிக்கை ஒன்று, ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு மற்றொன்று. முதலாவதை மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் வைக்கிறார்கள், இரண்டாவதை, கி.மு. 4004 என்று படைப்புக்குத் தேதி குறித்த பேராயர் அஷரின் காலத்தில், ஏறக்குறைய 1650இல் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே கை எழுதியவை என்று இதுவரை எந்த வகுப்பும் கண்டுபிடித்ததில்லை.